ஆறுதலும் வற்புறுத்தலும்

துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வது கடமை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஆறுதல் எந்த இடத்தில் வற்புறுத்தலாகிவிடுகிறது என்பதே அறநெறிக் கேள்வி. ‘அழாதே’, ‘மனசைத் தேத்திக்கோ’, ‘ஆக வேண்டியதைப் பார்’ என்பவை அன்பில் பிறக்கும் சொற்கள்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. சொன்னவரின் மனம் லேசாகிறது. கேட்டவரோ தன் துயரத்தோடு, தேறிவிட்டதாகக் காட்டிக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார்.

இந்தக் கேள்வி ஒரு தலபுராணத்திலும் இருக்கிறது. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்ள ஆண்டு முழுவதும் தம்பதிகள் வருகிறார்கள். சிவன் எமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயனைக் காத்த தலம் என்பது நம்பிக்கை. பையன் பிழைத்த பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அறச்சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. நீண்ட ஆயுளும் மந்த புத்தியும் உள்ள பிள்ளையா, பதினாறு வயதுவரை மட்டுமே வாழும் அறிவுள்ள பிள்ளையா என்று கேட்கப்பட்டபோது அவன் பெற்றோரான மிருகண்டு முனிவரும் மருத்துவதியும் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். நாள் நெருங்க நெருங்க அவர்களால் துயரத்தை மறைக்க முடியவில்லை. மகன் காரணம் கேட்டான், சொன்னார்கள். கேட்கும் முன் உண்மையை அவன் தலையில் இறக்கவில்லை, கேட்டபின் பொய் சொல்லி மழுப்பவும் இல்லை. மீதி நாட்களை என்ன செய்வது என்பதை மகனே முடிவு செய்து பூசையில் அமர்ந்தான்.

குணமாகாத நோய் வந்த பெரியவரிடம் அதைச் சொல்வதா மறைப்பதா என்று இன்றைய குடும்பங்கள் தவிப்பதும் இதே சிக்கல்தான். வலி தணிப்பு மருத்துவத்தில் பயின்றவர்கள் முதலில் நோயாளியிடமே, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கிறார்கள். பார்க்க வந்த உறவினர் ‘சொல்லித்தான் ஆகணும்’ என்றோ ‘மூச்சு விடாதீங்க’ என்றோ தீர்ப்பளிப்பது வரம்பு மீறல். பின்விளைவோடு வாழப்போகிறவர்கள் நோயாளியும் அந்த வீட்டாரும்தான்.

ஆறுதல் எங்கே வற்புறுத்தலாகிறது என்ற கேள்வியை மிகக் கடுமையாக எழுப்பியது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமி. திருக்கடையூருக்குக் கிழக்கே சின்னங்குடி, தெற்கே தரங்கம்பாடி என்று கடலோரக் குப்பங்கள் சிதைந்தன. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

இரண்டு மூன்று பிள்ளைகளோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட தாய்மார் பலர் ஒரே காலையில் அத்தனை பிள்ளைகளையும் இழந்தார்கள். கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு அவர்களுக்கு இலவசமாக அளித்தது. மனிதநேயமுள்ள ஏற்பாடு; வேண்டும் என்றவருக்கு அந்த வாசல் திறந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் திறந்த வாசல் வழியே ஒருத்தியைத் தள்ளிவிடவும் முடியும். ‘இன்னொண்ணு பெத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்’ என்று மாமியாரும் அக்கம்பக்கமும் சொல்லும்போது, இறந்த பிள்ளைக்கு மாற்று உண்டு என்பதாகத்தான் அது அவள் காதில் விழும். வயது, முதல் அறுவையின் வகை ஆகியவற்றைப் பொறுத்தே பலன் அமையும். கருத்தரிக்காமல் போனால் தோல்வியும் அவள் கணக்கில்தான் எழுதப்படும். வசதியைச் செய்து கொடுப்பது அறம். அதை ஏற்கும்படி நெருக்குவது அறமல்ல, நெருக்குபவர் பெற்ற தாயாகவே இருந்தாலும்.

பேச வைப்பதும் நெருக்குதலாகலாம். பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததை விவரமாகச் சொல்லச் செய்தால் மனம் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒரே அமர்வில் கொட்டச் செய்வது பின்னாளைய மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டின. 2011இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பேச விரும்பாதவரைப் பேசும்படி வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கிறது. உணவு, இடம், காணாமற்போனவர் பற்றிய தகவல் ஆகியவற்றுக்கு வழி செய்து, பேசினால் கேட்கச் சொல்கிறது. 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் முறையும் அறிவுரை சொல்லாமல் காது கொடுப்பதுதான்.

காவிரிக் கரை ஊர்களின் துக்க வழக்கம் இதைப் பெருமளவு அறிந்தே வைத்திருக்கிறது. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளியோ பக்கத்து வீட்டாரோ சோறு கொண்டுவந்து வைப்பார்கள். வந்த பெண்கள் எதுவும் விசாரிக்காமல் வீட்டுக்காரியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒப்பாரியில் இறந்தவரின் பெயரையும் அருமையையும் வாய்விட்டுச் சொல்லலாம், அவரைத் திட்டவும் செய்யலாம். கிளம்புகிறவர் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார், ஆகவே துக்கப்பட்டவர் முகம் கொடுத்து வழியனுப்ப வேண்டியதில்லை. இழவு வீட்டாரிடம் எதையும் எதிர்பார்க்காத இந்த நாகரிகம் எளிதில் கிடைப்பதல்ல.

அதே வழக்கத்தின் இன்னொரு முகம் கொடியது. கணவனை இழந்தவளுக்குப் பூச்சூட்டி, வளையல் அடுக்கி, பிறகு எல்லாவற்றையும் களைந்து தாலி வாங்கும் சடங்கை, அவள் விருப்பம் கேட்காமலே ‘முறை’ என்ற பெயரில் பல வீடுகளில் நடத்திவிடுகிறார்கள். செய்பவர்களும் அவளை நேசிப்பவர்களே. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவர்கள் கையைப் பிடித்து நடத்துகிறது. அவள் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். அவளே வேண்டும் என்று கேட்டால், முற்போக்கின் பெயரால் அதைத் தடுப்பதும் வற்புறுத்தலே.

இப்படி விலகி நிற்பது கைவிடுவதாகாதா என்ற எதிர்வாதம் வலுவானது. கருமாதி முடிந்து பந்தல் பிரித்த பிறகு ஒருவரும் வராத வீடுகளை நினைத்தால் அதன் வலு புரியும். வற்புறுத்தாமை என்பது வராமல் இருப்பதல்ல. பதினேழாம் நாளும், முதல் பொங்கலுக்கும், திதிக்கும் போய் உட்காருவது அதில் அடங்கும். சுனாமிக்குப் பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் உறவுகளை இழந்தோரைத் தொடர்ந்து சந்தித்து வந்ததில் அவர்களது மனத்துயர் குறைந்தது என்று லட்சுமி விஜயகுமாரின் குழு 2008இல் பதிவு செய்திருக்கிறது.

குறுக்கிட்டே ஆக வேண்டிய நேரங்களும் உண்டு. உயிரை விடப்போவதாக ஒருவர் பேசினால், நாள்கணக்கில் உண்ணாமல் கிடந்தால், குடித்துவிட்டுப் பிள்ளைகளை அடித்தால், அவர் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. தனியே விடாமல் உடன் இருந்து, பூச்சிமருந்து போன்றவற்றை அகற்றி, மருத்துவரிடமோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணிலோ உதவி பெற வேண்டும். அந்தக் குறுக்கீடும் ஆபத்து நீங்கும்வரைதான். நிலத்தை விற்பதா, மறுமணம் செய்வதா, மீண்டும் கடலுக்குப் போவதா என்ற முடிவுகள் அதன்பிறகும் அவருடையவையே.