முனியின் இரவு

தெய்வத்தின் உருவம் பழங்கதையைக் காட்டுகிறதா, வணங்குவோரின் உழைப்பைச் சுமக்கிறதா என்னும் பழைய கேள்வி, மலேசியாவின் கோலசிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் தனிக்கூர்மை பெறுகிறது. கங்காணிகள், அதாவது சொந்த ஊரிலேயே ஆள் திரட்டிக் கப்பலேற்றிய மேற்பார்வையாளர்கள், வழியாக 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை வந்து சேர்ந்த தமிழர்கள் தோட்டத்து எல்லையில் முதலில் நிறுவியவை பெரும்பாலும் சிலைகள் அல்ல. மரத்தடிக் கல்லும் சூலமுமே அவர்களின் காவல் தெய்வமான முனியாண்டி. இதைப் பாமரர் வழிபாடு என்று ஒதுக்குவது பிழை. தெய்வம் உறையும் தூணைச் சங்க இலக்கியம் 'கந்து' என்றது. உருவமும் உருவமின்மையும் கலந்த இலிங்கத்தைச் சைவ சித்தாந்தம் 'அருவுருவம்' என்று வகுத்தது. தோட்டத்துக் கல்லுக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு.

ஆயினும் முனி அங்கே வேரூன்றியதற்கு மரபு மட்டுமன்று, பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) இயல்பும் காரணம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால், விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) நின்று, பெண்களும் ஆண்களும் விளக்கொளியில் பாம்பும் பன்றியும் திரியும் நிரைகளுக்குள், அதாவது தத்தமக்கு ஒதுக்கிய மரவரிசைகளுக்குள், நுழைந்தனர். நள்ளிரவில் ஊரெல்லையைச் சுற்றிவருவதாகத் தமிழகக் கிராமங்களில் சொல்லப்பட்ட காவல் தெய்வம் இங்கே வேலைநேரத்தின் தெய்வமாயிற்று. கதையின் இரவும் பிழைப்பின் இரவும் ஒன்றாய்ப் படிந்தன.

அந்த இரவைக் கலைத்த செம்பனை (எண்ணெய்ப்பனை) மலாயாவில் வணிகப் பயிராகத் தொடங்கியதும் இதே வட்டாரத்தில்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கொனியே, தமிழ்ச் செவிக்குத் தென்னைமரம் என்றே ஒலிக்கும் தென்னமாரம் தோட்டத்தில் அதை நட்டார். 1960-களுக்குப் பின் பால்மரங்களை வீழ்த்தி அது பரவியபோது, குலை வெட்டுவது பகல்வேலை ஆதலால், முனியின் இரவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல் நின்ற இடங்கள் பலவற்றில் பின்னாளில் குதிரையும் ஓங்கிய அரிவாளும் முறுக்கு மீசையுமாகச் சுதைச்சிலைகள் எழுந்தன. ஆகம முறையில் குடமுழுக்கு கண்ட கோயில்களில் பழைய சுருட்டுப் படையல் சங்கடப் பொருளாகவும் மாறியது. இருளை அறிந்தவர்களுக்குக் கல்லே போதுமாயிருந்தது. அறியாதவர்களுக்குத்தான் சிலை கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்பி கடைசியாகத் தீட்டுவது கண். 'கண் திறத்தல்' எனப்படும் அச்சடங்கில்தான் சிலை தெய்வமாகிறது என்பது மரபு. பிதுங்கி விழிக்கும் அந்தக் கண்கள், விடியுமுன் எவரும் நுழையாத செம்பனை நிரைகளை நோக்கித் திறந்திருக்கின்றன.