அழுகுணி ஆட்டம்

உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு ஆட்டத்தின் விதிகளை நீங்களே எழுதலாம். ஆடப்போவதும் நீங்கள்தான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு விதிகள் கண்ணில் படாது. உங்களுக்குச் சாதகமாக ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்வீர்களா?

அவசரப்பட்டு 'சேச்சே' என்று சொல்லிவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் கேம் செய்யப் பழகுகிற பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கேள்வியைச் சீக்கிரமே சந்திக்கிறார்கள். கேம் ஆடுகிற பிள்ளைகளைச் சொல்லவில்லை. செய்கிற பிள்ளைகளைச் சொல்கிறேன்.

ஸ்க்ராட்ச் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கும் அவர் குழுவும் உருவாக்கி, 2007-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். புரோகிராம் என்றால், ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கே முரண்டு பிடிக்கிற கம்ப்யூட்டர்தானே ஞாபகம் வரும்? இதில் அந்தத் தொல்லை இல்லை. கட்டளைகள் கலர் கலரான கட்டைகளாக இருக்கும். இழுத்து வந்து ஒன்றோடொன்று பொருத்த வேண்டியதுதான். திரையில் ஒரு ஆரஞ்சுப் பூனை. பச்சைக் கொடியைத் தட்டினால் நீங்கள் சொன்னபடி நடக்கும்.

ஒரு பையன் எலி பிடிக்கிற ஆட்டம் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலி ஒரே இடத்தில் வந்தால் போரடிக்குமே? 'ஏதாவது ஒரு எண்ணை எடு' என்ற கட்டளையைப் போடுகிறான். எலியைப் பூனை தொட்டால் ஒரு பாயின்ட் ஏற வேண்டும். 'ஸ்கோர்' என்று ஒரு கணக்கு திறக்கிறான். 'இது நடந்தால் அதைச் செய்', 'செய்துகொண்டே இரு'. அவ்வளவுதான், புரோகிராமிங்கின் அரிச்சுவடி முடிந்தது. பி.காம். படித்த எனக்கே புரிகிறது!

"விளையாட்டு சரி, இதனால வேலை கிடைக்குமா?" என்பார்கள் பெற்றோர். நியாயமான கேள்விதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

ஆட்டம் தயார். தங்கையைக் கூப்பிடுகிறான். ஆளுக்கொரு பூனை. தன் பூனைக்கு ஒரு தட்டலுக்குப் பத்து அடி, அவள் பூனைக்கு எட்டு அடி என்று போட்டுவிடுகிறான். யார் பார்க்கப் போகிறார்கள்?

தெருவில் கில்லி ஆடும்போது இப்படிச் செய்ய முடியாது. விதி எல்லோருக்கும் தெரியும். "போண்ணா, இது அழுகுணி ஆட்டம்!" என்று அவள் கத்திவிடுவாள். கம்ப்யூட்டரில் அவளால் கத்தக்கூட முடியாது. தோற்கிறாள். மறுபடி தோற்கிறாள். 'என் கை ஸ்லோ' என்று நினைத்துக்கொள்கிறாள். தோற்றதுகூடப் பெரிதில்லை. தோல்விக்குத் தானே காரணம் என்று நம்புகிறாளே, அதுதான் கொடுமை.

அப்படியானால் ஆட்டத்தைக் கஷ்டமாக வைப்பதே தப்பா? இல்லை. 1978-ல் ஜப்பானில் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். எதிரிகளைச் சுடச் சுட, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அவர் அப்படித் திட்டமிடவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் எந்திரம் தானாக வேகம் பிடித்தது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார். ஆடுகிற அத்தனை பேருக்கும் அதே வேகம். கண்ணெதிரே தெரிகிற வேகம். பழகினால் சமாளிக்கலாம். அது கஷ்டம், மோசடி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேரனோடு தாயம் ஆடுகிற தாத்தா, வெட்ட வேண்டிய காயைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார். அதுவும் மறைவாக நடப்பதுதானே?

எனக்குத் தோன்றும் சோதனை இதுதான். மறைத்ததைத் திறந்து காட்டினால் எதிராளி சிரிப்பாரா, கோபப்படுவாரா? பேரன் சிரிப்பான். தங்கை கோபப்படுவாள்.

ஸ்க்ராட்ச்சில் எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கேதான் வருகிறது. அதன் இணையதளத்தில் யார் வெளியிட்ட ஆட்டமானாலும், ஒரு பட்டனைத் தட்டினால் உள்ளே இருக்கும் கட்டளைகள் அத்தனையும் தெரியும். எங்கள் பாஷையில் சொன்னால், கணக்குப் புத்தகம் எப்போதும் ஆடிட்டுக்குத் திறந்தே இருக்கிறது. பத்து எங்கே, எட்டு எங்கே என்று தங்கையே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு அவளும் கொஞ்சம் புரோகிராம் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருடைய விண்ணப்பத்தை ஒதுக்கலாம் என்று இன்று பல இடங்களில் புரோகிராம்கள் சலித்துத் தருகின்றன. அவற்றின் உள்ளே பார்க்க நமக்குப் பட்டன் கிடையாது. ஒதுக்கப்பட்டவர், 'என்னிடம்தான் ஏதோ குறை' என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

நாளைக்கு அந்த விதிகளை எழுதப்போகிறவர்களில், இன்று எலிக்கும் பூனைக்கும் விதி எழுதுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகவே, உங்கள் பிள்ளை ஒரு கேம் செய்து கொண்டுவந்து காட்டினால், "சூப்பர்டா" என்று தட்டிக்கொடுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்.

"தங்கச்சி பூனைக்கு எத்தனை அடி வெச்சிருக்கே?"