அடுப்படி மேடையும் அமானிதமே

 

உடலின் தூய்மை, உடையின் தூய்மை, தொழுமிடத்தின் தூய்மை பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மூன்று வேளையும் நம் உணவு உருவாகின்ற அடுப்படி மேடையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதுதான் குறைவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஓர் அன்பரின் இல்லத்திற்கு நாம் விருந்தாகச் சென்றிருந்தோம். மேடையில் மசாலா டப்பாக்கள், முந்தின நாள் குழம்புச் சட்டி, மாத்திரை அட்டை, வண்டிச் சாவி எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பழைய சர்பத் பாட்டில். அதில் இருந்ததோ தரை கழுவும் மருந்து! தாகமெடுத்த நான்கு வயதுப் பேரன் அதை எடுத்து மூடியைத் திருகிவிட்டான். பாட்டியார் பாய்ந்து பிடுங்கினார். அல்ஹம்துலில்லாஹ், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அம்மையாரின் கைநடுக்கம் நாம் விடைபெறும் வரை நிற்கவில்லை. "ராத்திரியே எடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

மேடையை ஒதுக்குவது அழகுக்காக மட்டும்தானா? இல்லை, உயிர்களைக் காப்பதற்காகவும்தான்.

இரவில் உறங்கப் போகுமுன் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவை அடைக்கவும், தண்ணீர்த் துருத்தியின் வாயைக் கட்டவும், பாத்திரங்களை மூடவும், விளக்கை அணைக்கவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மூடி கிடைக்காவிட்டால் ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கச் சொன்னார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணமும் கூறினார்கள். இன்று திரிவிளக்கு இல்லை. கேஸ் அடுப்பு இருக்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டரை அடைப்பதும், அடுப்பருகில் கிடக்கும் துணியையும் காகிதத்தையும் அகற்றுவதும் இக்கட்டளையின் கருத்தில் அடங்கியவையே.

நெய்யில் எலி விழுந்து செத்தது பற்றிக் கேட்கப்பட்டபோது, எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இது உறைந்த நெய்க்குரிய சட்டம். உருகிய நெய்யாயின் முழுவதையும் கொட்டிவிட வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் கூற்று. மூடாத ஒரு பாத்திரத்தால் எவ்வளவு பெரிய நஷ்டம், பாருங்கள்!

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ஊர் வெயிலில் இது எவ்வளவு அவசியம்! மிஞ்சிய குழம்பு மேடையின் மூலையில் மறைந்து கிடந்தால் மறுநாள் அது குப்பைக்குத்தான் போகும். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று திருக்குர்ஆன் கண்டிக்கிறது. கெடுமுன் அண்டை வீட்டாருக்குக் கொடுத்தால் அதுவே நன்மையாகும்.

அதே ஊரில்தான், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா தயாராகிறது. கோவா கிண்டுகிறவர் கரண்டியை ஓயவிட முடியாது. ஓய்ந்தால் பால் அடிபிடிக்கும். ஆகவே வேண்டியது மட்டுமே அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் அடுப்படிக்கும் இதுவே பாடம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் சாவியையும் காகிதத்தையும் வைப்பது எல்லோரும். எடுப்பது மட்டும் ஒருத்தியா? நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். அந்த சுன்னத்தை நாம் ஏன் மறந்தோம்?

இன்றிரவே தொடங்குவோம். இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். அடுப்படிக்குரியதல்லாததை அதனதன் இடத்தில் சேர்ப்போம். மருந்தையும் கழுவும் திரவத்தையும் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்போம். குடிக்கும் பாட்டிலில் அவற்றை ஒருபோதும் ஊற்றமாட்டோம். மேடையைத் துடைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாத்திரங்களை மூடுவோம். ஸஹருக்கு எழும் தாய்க்கு அந்த ஒதுங்கிய மேடை எத்தனை ஆறுதல்!

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் தூய்மையையும் பரக்கத்தையும் நிரப்பி, நம் குழந்தைகளை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.