வெறும் சீற்றின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கார் வாங்கியவரிடம் அதன் நிறத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?" என்பதுதான் முதல் கேள்வி. செத்தவீடு, கலியாணவீடு, கோயில் வீதி, எங்கே நின்றாலும் அதுதான். பதில் சொல்பவர் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வார். கேட்பவர் ஒன்றிரண்டு கழித்து எடுத்துக்கொள்வார். என்னுடையது பழைய நிசான் சனி, எப்.பி. 15, ஆயிரத்து ஐந்நூறு சீசீ, மனுவல் கியர். கூட்டாமல் சொன்னால் நகருக்கு வெளியே பதின்மூன்று. நல்லூர்த் திருவிழா நாட்களில் வீதி மறித்து, சுத்துப் பாதையால் ஊர்ந்து போக நேர்ந்தால் ஒன்பது.

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் பருத்தித்துறை வீதியால் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு வரும். வல்லை, ஆவரங்கால், புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை. ஏற்றம் இறக்கம் என்று ஒன்றும் இல்லை. கண்டியிலோ பண்டாரவளையிலோ கார் ஓட்டுகிறவர்களுக்கு மலைதான் பெற்றோலைக் குடிக்கும். எங்களுக்குக் காற்று. வல்லைவெளியில் இரண்டு பக்கமும் மரம் மட்டை இல்லை. சோளகம் பெயர்ந்தால் காலையில் நகரம் நோக்கிப் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். ஐந்தாம் கியரில் கார் கொஞ்சம் முக்கும். அந்த முக்கலைக் காதுக்கு முன்னமே வலது கால் பிடித்துவிடும். நாலுக்கு இறக்குவதா, வேகத்தைக் குறைத்து ஐந்திலேயே போவதா? நான் பெரும்பாலும் வேகத்தைத்தான் குறைப்பேன். வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்கு. அறுபதில் போகிறவனுக்கும் எண்பதில் போகிறவனுக்கும் இந்த வீதியில் ஐந்தாறு நிமிடம்தான் வித்தியாசம். அதையும் கோப்பாய்ச் சந்தி பறித்துவிடும்.

மனுவல் கார் ஆளைப் பழக்கும். சந்தி தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட வேண்டும். கியரில் வைத்தபடி காலை எடுத்தால் இன்ஜெக்சன் எஞ்சின் பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். சில்லுகள்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் பாதிப் பேர் இன்னும் சந்திக்கு நூறு மீற்றர் இருக்கும்போதே நியூற்றலுக்குத் தட்டிவிட்டு, சிக்கனம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு உருளுகிறார்கள். காபரேற்றர் காலத்துப் பாடம் அது. இன்ஜெக்சன் கார் நியூற்றலில் அணையாமல் நிற்பதற்காகவே கொஞ்சம் பெற்றோல் எரிக்கும். சொன்னால் கேட்கமாட்டார்கள். சிக்கனம் என்பது எங்களிடம் அறிவைவிட ஞாபகத்தோடு ஒட்டிய விசயம்.

இந்தச் சின்னச் சின்னக் கெட்டித்தனங்களில் எனக்கு நல்ல பெருமை இருந்தது. ஆவரங்கால் சந்தியில் ஒரு நாள் கை காட்டிய அம்மா அதை ஒரே வசனத்தில் தள்ளிவிட்டார். கையில் உரப்பை, அதற்குள் முருங்கைக்காய். ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, நீர்வேலிச் சந்தியிலை இறக்கி விடுவியளே? கார் வெறுமனேதானே போகுது." நான் உள்ளே இருந்தேன், அவர் கணக்கில் நான் சேர்த்தி இல்லை. ஓட்டுகிறவன் காரின் ஒரு பாகம், எஞ்சின் போல. மிச்சம் நாலு சீற்றிலும் ஆளில்லை என்றால் அந்தக் கார் வெறுமனே போகிற கார்தான்.

அவரை இறக்கிவிட்டு வந்த பிறகு கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். காரின் எடை ஏறக்குறைய ஒரு தொன். என் எடை அறுபத்தைந்து கிலோ. ஒரு தொன் இரும்பை இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் பெற்றோல் செலவாகிறது. எனக்கென்று செலவாவது பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. பெற்றோலில் உள்ள சக்தியிலும் முக்கால்வாசி வெப்பமாகப் புகைக்குழாயாலும் ரேடியேற்றராலும் போய்விடும். மிஞ்சுகிற காலில்தான் இந்தப் பதினாறில் ஒன்று. இதில் பன்னிரண்டா பதின்மூன்றா என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு நாலு பேராகப் போனால் பதின்மூன்று பன்னிரண்டாகக் குறையும். ஆனால் ஆளுக்கு என்று பார்த்தால் ஒரு லீற்றர் நாற்பத்தெட்டுக் கிலோமீற்றர் கொடுக்கும். எந்த ஜப்பான்காரனும் இன்னும் காருக்குச் செய்யாத எஞ்சின் அது.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் இந்தக் கணக்கில்தான் ஓடியது. 1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியதும் பெற்றோல் வடக்கின் தடைப்பட்டியலில் ஏறியது. பற்றரி, சீமெந்து எல்லாம் கூடவே. அப்போது தூசு தட்டி வெளியே வந்தவை ஐம்பதுகளின் கார்கள்: ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிறிட்ஜ். மண்ணெண்ணெயில் ஓடக்கூடியவை அவைதான். காரணம் எளிது. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்றை ஒட்டியது. மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, கூட அமுக்கினால் எஞ்சின் தட்டும். என் சனியின் விகிதம் பத்துக்குக் கிட்ட; அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் கராஜுக்குத்தான் வழி. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகவும் மாட்டாது. ஆகவே காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஏ40 வைத்து வாடகைக்கு ஓடினார். அவருடைய பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் இருக்கும். சட்டைப் பையில் வைத்திருப்பார், கார் திறப்பை விடப் பத்திரமாக. சூட்டை விடக்கூடாது என்பதற்காக இறக்கி ஏற்றும் இடங்களில் எஞ்சினை அணைக்கமாட்டார். வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்று அடிக்கடி ஒயில் மாற்றவும் வேண்டும்.

அந்தக் காருக்குள் எட்டுப் பேருக்குக் குறைய இருந்து நான் கண்டதில்லை. முன்னுக்கு மூன்று, பின்னுக்கு நாலு, மடியில் நான். லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர்தான் ஓடியது என்று வைத்தாலும் ஆள் கணக்கில் அறுபத்து நாலு வருகிறது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய தட்டிவான் இதைவிடக் கெட்டிக்காரன். அதில் ஆளும் மரக்கறிக் கடகமும் வாழைக்குலையும் ஒரே பலகையில். அது ஒரு மணித்தியாலம் எடுக்கும் தூரத்துக்கு இன்றைக்கு நாங்கள் ஆளுக்கொரு கார் எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் போய், மிச்சம் பிடித்த அரை மணித்தியாலத்தில் கார் நிறுத்த இடம் தேடுகிறோம்.

அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல வரவில்லை. இல்லாமையால் வந்த நெருக்கம் அது. யாரும் விரும்பிக் கேட்டு வாங்கியதல்ல. அதற்கு முந்திய யாழ்ப்பாணமும் ஒன்றும் தாராள மனசுடன் பக்கத்தில் இடம் கொடுத்த ஊர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சம ஆசனத்துக்கே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சண்டை பிடிக்கவேண்டியிருந்தது. யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது என்பது இங்கே சாதி பார்த்து நடந்த கணக்கு. மண்ணெண்ணெய்க் காருக்குள் இடித்துக்கொண்டு இருந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் சாதாரண நாளில் ஒருவர் வீட்டில் ஒருவர் தேத்தண்ணி குடித்திருப்பார்கள் என்று இப்போது யோசித்தால் பதில் அவ்வளவு இனிப்பாக இராது.

சிக்கனக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்துப் பொருளியலாளர் வில்லியம் ஸ்ரான்லி ஜெவன்ஸ் 1865இல் நிலக்கரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் முந்தியதைவிடக் குறைந்த கரியில் அதே வேலையைச் செய்தது; அதனாலேயே நாட்டில் எரிந்த கரி கூடியது, குறையவில்லை என்றார். மலிவாக ஓடினால் அதிகமாக ஓட்டுவோம். இதற்கு இங்கிலாந்து வரை போகத் தேவையில்லை. சனி வாங்க முதல் நான் சைக்கிளில் போன கடைக்கு இப்போது கார் போகிறது. "என்ன, அரை லீற்றர்கூட வராதே" என்ற சமாதானத்துடன். பட்டியலிட்டால், இந்தக் கார் எனக்கு மிச்சம் பிடித்துத் தந்த பெற்றோலை எல்லாம் இந்தக் காருக்கே திருப்பி ஊற்றியிருக்கிறேன்.

2022 வந்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல் ஆறே மாதத்தில், ஜூன் கடைசியில், 470 ஆனது. காசு இருந்தும் பெற்றோல் இல்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவில் காரை வரிசையில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வீடு வந்து படுத்தவர்களை எல்லோரும் அறிவோம். ஜூலையில் கியூ.ஆர். அட்டை அறிமுகமானது: காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. என் வேலைப் பயணத்தைக் கணக்குப் பார்த்தேன். போக வர ஐம்பது கிலோமீற்றர், ஐந்து நாள், லீற்றருக்குப் பதின்மூன்று: பத்தொன்பது லீற்றருக்கு மேல். வேலைக்குப் போய்வரலாம்; வேறெங்கும் போகமுடியாது. அம்மாவை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் முடியாது.

என் கந்தோரில் வடமராட்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மூன்று பேர், மூன்று கார். கியூ.ஆர். வந்து இரண்டாம் வாரமே நாங்கள் ஒரு காராகிவிட்டோம். வாரத்துக்கு ஒருவர் காரை எடுப்பது, மற்ற இருவர் சந்தியில் நிற்பது. யாரும் கூட்டம் வைத்து முடிவெடுக்கவில்லை. ஒருவர் தொலைபேசியில் கேட்டார், மற்றவர் ஓம் என்றார். சுமையோடு கார் கொஞ்சம் பதிந்து ஓடியது. ரயர் காற்றை இரண்டு புள்ளி கூட்டிவைத்தேன். கதைத்துக்கொண்டு போனதில் பருத்தித்துறை வீதி சுருங்கிவிட்டது. ஒருவருடைய மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, இன்னொருவருடைய கிணறு உவர்த்தது, எல்லாம் வல்லைவெளியில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பத்து வருடம் ஒரே கந்தோரில் பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள்.

2023 செப்டெம்பர் முதலாம் திகதியோடு கியூ.ஆர். முறை நின்றது. அடுத்த சில நாட்களுக்குள் ஆளுக்கொரு காரில் திரும்பவும் போக ஆரம்பித்தோம். கோபம் இல்லை, பேச்சும் இல்லை. சேர்ந்தபோது ஒரு தொலைபேசி அழைப்பாவது தேவைப்பட்டது. பிரிவதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

இங்கேதான் எனக்கு நெருடுகிறது. பிரிந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. வீட்டில் ஐந்து பேர், கந்தோரில் இருபது பேர், ஊரில் கூப்பிட்டால் வரும் சொந்தம் நூறு பேர் என்று வாழ்கிற மனிதனுக்கு ஒரு நாளில் தனியே கிடைப்பது அந்த நாற்பது நிமிடந்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் போகலாம். யாழ்ப்பாணத்தில் தனிமை என்பது கார் விலைக்குத்தான் கிடைக்கும். வழியில் ஆளை ஏற்றுவதும் இங்கே லேசான காரியமல்ல. ஒரு ரீச்சரை இரண்டு நாள் ஏற்றினால் மூன்றாம் நாள் சந்தியில் கதை நிற்கும். ஒரு தரம் ஏற்றியவரை அடுத்த தரம் ஏற்றாமல் போனால், "கண்டும் காணாத மாதிரிப் போறார்" என்று வரும். நாலு சீற்றும் வெறுமனே கிடப்பதற்கு எல்லாமே சுயநலம் காரணமில்லை. கொஞ்சம் தற்காப்பும் உண்டு.

அப்படியானால் பஸ்? இதே வீதியால்தான் 750 ஓடுகிறது. ஆள் கணக்கு என்று வந்தால் அதற்குக் கிட்ட எந்தக் காரும் நிற்கமுடியாது. காலையில் பரவாயில்லை. பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ரியூசன் பிள்ளைகளும் ஏறிய பிறகு மிதிபலகையில் ஒரு கால்தான் எனக்கு. முப்பது வயதில் செய்தேன், இப்போது இடுப்பு விடாது. இது நியாயமா சாட்டா என்று கேட்டால், இரண்டும்தான்.

கடைசியில் பாதியில் வந்து நிற்கிறேன். பழைய மூவரில் ஒருவர் இப்போது மறுபடி காலையில் என்னுடன் வருகிறார்; பின்னேரம் அவருக்கு நகரத்தில் வேலை, தம்பியின் மோட்டார் சைக்கிளில் திரும்புவார். காலை இருவர், மாலை ஒருவர். பெற்றோல் காசு தர வெளிக்கிட்டார், நான் வாங்கவில்லை. அதனால் மாதத்தில் ஒரு நாள் நீர்வேலியில் காரை நிறுத்தச் சொல்லி ஒரு கதலிக்குலை வாங்கி, கேளாமலே டிக்கிக்குள் வைத்துவிடுவார். பெற்றோலைவிட அது விலை கூட என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மகனுக்கு இந்தக் கணக்குகள் ஒன்றும் பிடிப்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியிலிருந்து திறந்துவிட்டார்களே, இன்னும் ஏன் இந்தப் பழசு என்கிறான். "இதை வித்துப்போட்டு ஒரு ஹைபிறிட் எடுங்கோ அப்பா, ஓட்டோ கியர், லீற்றருக்கு இருபதுக்கு மேலை ஓடும்." அவனுக்கு ஆள் கணக்கைச் சொன்னேன்: காலையில் இரண்டு பேர் போகிறோம், பதின்மூன்றும் பதின்மூன்றும் இருபத்தாறு, உன் ஹைபிறிட்டை விடக் கூட. அவன் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "அந்த மாமாவை ஹைபிறிட்டிலையும் ஏத்தலாம்தானே. அப்ப நாப்பது."

கணக்கில் பிழை இல்லை. ஹைபிறிட்டின் விலையையும் வரியையும் சொல்லி அவனை அடக்கிப் பார்த்தேன். அதற்கும் லீசிங் என்று ஒரு பதில் வைத்திருக்கிறான்.