ஒற்றை ஆசனம்

லக்கலப் பகுதியை அடுத்து, மீமுறைக் கிராமத்துக்கு மேலே, கூரிய முடியோடு நிற்கிறது லக்கேகல மலை. இராவணன் தன் ‘தண்டு மொனர’வை அம்மலையிலிருந்து பறக்கவிட்டான் என்பது அங்கு வழங்கும் கதை. தண்டு மொனர என்றால் மரத்தாலான மயில். இராவணனின் வான்பயணம் பற்றிய நூல்களும் சான்றுகளும் வைத்திருப்போர் தந்துதவுமாறு, 2020 ஜூலையில் இலங்கையின் விமானத்துறை நாளிதழ்களில் விளம்பரமும் செய்தது.

கதை சொன்ன மக்களை நாம் குறை கூறவில்லை. பறக்க வேண்டுமென்ற ஆசை முதலில் கதையாகத்தான் பிறக்கும். ஆயினும் அக்கதையில் ஒரு குறை உண்டு. அதில் எவரும் விழுவதில்லை. மரத்தை அறுத்த தச்சனும் இல்லை. சிறகு முறிந்து மாண்டவனும் இல்லை.

இன்று மரமயில் விலைக்குக் கிடைக்கிறது. அமெரிக்காவின் மினி-மேக்ஸ் போன்ற ஒற்றை ஆசன விமானங்கள் தனித்தனிப் பாகங்களாக வாங்குபவன் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. மரச் சட்டங்கள், ஒட்டுப்பலகை, பசை, மேலே போர்த்தும் துணி, ஒரு சிறு இயந்திரம் — இவ்வளவே அதன் உடல். வாங்கியவன் தன் கொட்டிலில் அதைத் தானே பொருத்திக்கொள்கிறான். 1982 இல் அமெரிக்கா வகுத்த விதி, இவற்றுள் மிக இலேசானவற்றுக்கு ஒரு சலுகை அளித்தது. வெறும் எடை 254 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குக் குறைவாக இருந்து, ஒருவர் மட்டுமே ஏறுவதாயின், ஊர்திக்குத் தகுதிச் சான்று வேண்டியதில்லை. ஓட்டுபவனுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை. மக்கள் நெருங்கி வாழும் இடங்களின் மேல் பறக்கலாகாது. இரண்டாவது ஆசனம் வைத்தாலோ, சலுகை போய்விடும்.

இவ்விதியின் அடியில் ஓர் ஒழுக்கக் கொள்கை இருக்கிறது. அவன் உயிர் அவனுடையது. பிறர்மேல் விழாதவரை, அவன் விழுந்தால் நமக்கென்ன? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. மனிதனைக் குழந்தையாக நடத்தும் அரசை நாமும் விரும்புவதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கிணறு வெட்டுபவனும் கல் உடைப்பவனும் நாள்தோறும் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்று எவரும் போற்றுவதில்லை. வேறு வழியில்லாமல் அவர்கள் அதை ஏற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே, ஆபத்தை ஏற்பதனால் மட்டும் ஒருவன் சுதந்திரன் ஆகிவிடான். ஆபத்து இன்னதென அறிந்து, தானே தேர்ந்து ஏற்கும்போதுதான் அது உரிமையாகும். அப்படியாயின், அறிவது எவ்வாறு?

பிரான்ஸ் நாட்டு ஹென்றி மின்யே 1933 இல் மரத்தாலும் துணியாலும் ஒரு சிறு விமானம் செய்து பறந்தார். ‘வானத்துப் பேன்’ என்று அதற்குப் பெயரிட்டார். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்பது அவர் நம்பிக்கை. செய்முறையை 1934 இல் நூலாகவே வெளியிட்டார். வானம் செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று என்ற அந்த எண்ணம் உயர்ந்தது. எளிய மனிதர் பலர் தம் கொட்டில்களில் அதைக் கட்டினர். ஆனால் 1935 இலும் 1936 இலும் ஒருவர்பின் ஒருவராகச் சிலர் விழுந்து மாண்டனர். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அரசின் ஆய்வுக்கூடங்களில் அதனைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோதுதான் காரணம் வெளிப்பட்டது. முன்னும் பின்னுமாக இருந்த இரு இறக்கைகள் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றது கெடுத்தன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்தால் விமானம் நிமிர இயலாது. கைத்திறன் எவ்வளவு சிறந்ததாயினும், தன் கொட்டிலில் தனித்திருந்த ஒருவன் அப்பிழையைக் கண்டிருக்க முடியுமா? பலர் மாண்டும், பலர் ஆராய்ந்தும் பெற்ற அறிவு அது. பின்னர் வடிவம் திருத்தப்பட்டது.

நமது சீவக சிந்தாமணியிலும் ஒரு மயிற்பொறி உண்டு. துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழு நாளில் ஒரு கைவினைஞன் அதைச் செய்து முடிக்கிறான். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடு வீழும் வேளையில், சச்சந்தன் தன் அரசி விசயையை அதில் ஏற்றி அனுப்புகிறான். அவள் தனியே பறந்தாள் என்கிறோம். ஆனால் அவள் வயிற்றில் சீவகன் இருந்தான். ஒருவரைச் சுமந்த பொறியில் இரண்டு உயிர்கள் இருந்தன.

எந்த ஒற்றை ஆசனமும் இப்படித்தான். தனியே பறப்பவனுக்கு முன்னே, விழுந்து வழிகாட்டியவர்கள் இருக்கிறார்கள். அவனுக்குப் பின்னே, அவன் விழுந்தால் அழப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவனைத் தடுக்க வேண்டும் என்பது இதன் முடிவன்று. பாகங்களை விற்பவன் அவற்றின் குறைகளையும் கூறக் கடமைப்பட்டவன்; பறப்பவன் தான் கண்ட பிழையை அடுத்தவனுக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்; விழுந்தவர்களின் கணக்கை மறைக்காமல் காப்பது சமுதாயத்தின் கடமை. இவை இல்லாதபோது, ‘அவன் உயிர் அவனுடையது’ என்பது சுதந்திரத்தின் குரலாகாது. கைகழுவும் குரலே ஆகும்.

மர விமானம் கட்டுவோரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. விமானத்துக்குப் பயன்படுத்தும் அதே பசையால் இரண்டு மரத்துண்டுகளை ஒட்டி, உலரவிட்டு, பின் உடைத்துப் பார்ப்பார்கள். மரம் பிளந்தால் மூட்டு நல்லது. பசை விட்டுக்கொடுத்தால் அதை நம்பலாகாது. லக்கலப் பள்ளிகளில் மரமயிலின் கதையைச் சொல்லும் ஆசிரியர், அத்துடன் இந்த இரண்டு மரத்துண்டுகளையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். மயில் எப்படிப் பறந்தது என்று கேட்ட பிள்ளைகள், அது எப்போது விழும் என்றும் கேட்கத் தொடங்குவார்கள்.