ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்

இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மதம் என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். பலரும் யோசிக்காமல் நிரப்பிவிட்டுப் போகும் கட்டம் அது. தலித் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அந்த இடத்தில்தான் கை தயங்கும். கிறிஸ்தவர் என்று எழுதினால் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகும். இந்து என்று எழுதினால் பட்டியல் சாதி. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று மேசை தாண்டி வரும் அந்தத் தாள்தான் பிள்ளையின் கல்லூரியையும் வேலையையும் பெருமளவு முடிவு செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கிய குடும்பம் திங்கட்கிழமை ‘இந்து, ஆதி திராவிடர்’ என்று எழுதிக் கொடுக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக் காலனிகளுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல இது. தமிழகமெங்கும் நடப்பது, பங்குச் சாமியாருக்கும் தெரிந்தது, வட்டாட்சியருக்கும் தெரிந்தது. இது பாவமா? பாவமென்றால் யாருடைய பாவம்?

கேள்வியின் வேர் 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. இந்து சமயத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் திறக்கச் சொன்னது. 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இருபது ஆண்டு தாண்டியும் முடியவில்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டமன்றம் தலித் கிறிஸ்தவருக்கும் பட்டியல் சாதித் தகுதி தர வேண்டுமென்று தீர்மானம் போட்டது. இத்தனைக்குப் பிறகும் கட்டம் அதே கட்டம்தான். மதம் மாறியவர் தாய்மதம் திரும்பினால், சில நிபந்தனைகளோடு, இழந்த தகுதியை மீண்டும் பெறலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, விசுவாசத்தைச் சொல்கிறவருக்கு இழப்பு, விட்டுவிடுகிறவருக்கு மீட்பு. எளியவர்களின் மனசாட்சிக்கு இதைவிடக் கடுமையான சோதனையை ஓர் அரசு வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இழப்பு என்ன என்பதைத் தர்மபுரியில் வைத்துப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் இது, 68.54 விழுக்காடு. படித்தவர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பேருந்து ஏறுகிறார்கள், படிக்காதவர் கட்டட வேலைக்கு அதே பேருந்தில் ஏறுகிறார்கள். இந்த மண்ணில் ஒரு கல்லூரி இடமும் ஓர் அரசு வேலையும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் திருப்பிப்போடும். தமிழக அரசு மதம் மாறிய ஆதி திராவிடருக்குக் கல்விச் சலுகைகள் சிலவற்றைத் தருகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு ஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை. அரூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே தலித் கிறிஸ்தவர் வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரியது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டதை இம்மாவட்டம் மறந்திருக்காது. அப்படி வருகிற கூட்டம் எந்த வீட்டிலும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்பதில்லை. காலனி என்றால் காலனி. ஆனால் எரிந்த வீட்டுக்காரர் தாளிலும் கிறிஸ்தவராக இருந்தால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் நிவாரணமும் அவருக்குக் கிடையாது.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே சாதியால் வந்த சலுகையும் இல்லை என்பது சட்டத்தின் வாதம். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னது. செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த கடைப் பெட்டி, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்றது நீதிமன்றம். சான்று வேண்டுமானால் திருச்சி மேலப்புதூர் கல்லறைக்குப் போய் அங்கே பிணங்களைப் பிரிக்கும் சுவரைப் பார்க்கலாம். 2008 மார்ச் மாதம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் தாக்கப்பட்டதையும், அப்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததையும் கேட்டறியலாம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அரசு ‘உனக்குச் சாதி இல்லை’ என்று சொல்லி உதவியை மறுக்கிறது, பங்கு ‘உனக்குச் சாதி உண்டு’ என்று சொல்லிக் கல்லறையைப் பிரிக்கிறது. இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவரைப் பார்த்துத்தான் பொய்யர் என்கிறோம்.

ஆனாலும் குற்றச்சாட்டு லேசானதல்ல. மனிதர் முன்னால் என்னை மறுதலிக்கிறவனைப் பிதாவின் முன்னால் நானும் மறுதலிப்பேன் என்ற பொருளில் இயேசு சொன்னதை மத்தேயு பதிவுசெய்திருக்கிறார். பேதுரு மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் மறைக்காமல் எழுதின. உயிரைக் காக்கக்கூடப் பொய் ஆகாது என்று வாதிட்டவர் அகுஸ்தினார். சான்றிதழில் இந்து என்று எழுதுவது வாயால் சொல்வதற்குக் குறைந்ததல்ல, கையெழுத்தோடு சொல்வது. ‘வெறும் தாள்தானே’ என்ற சமாதானம் போதாது. தாள் வெறும் தாளாக இருந்தால் அதில் சோறு இருக்காது.

இந்த இடத்தில் வேதத்திலேயே ஓர் அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டாம் அரசர் நூலின் ஐந்தாம் அதிகாரம். சீரிய நாட்டுத் தளபதி நாகமான் தொழுநோய் நீங்கி, இஸ்ரயேலின் கடவுளை ஏற்றுக்கொள்கிறான். ஊர் திரும்புமுன் எலிசாவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: என் அரசன் ரிம்மோன் கோவிலில் என் கையில் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் பணிய நேரும், அதை ஆண்டவர் மன்னிக்க வேண்டும். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, பதவியை விடு என்று சொல்லவில்லை. சமாதானத்தோடு போகச் சொல்லுகிறார். அதே அதிகாரத்தின் மீதிப் பகுதி எலிசாவின் பணியாளன் கேயாசியைப் பற்றியது. அவன் நாகமானின் பின்னால் ஓடிப் பொய் சொல்லி வெள்ளியும் ஆடையும் வாங்குகிறான், நாகமானின் தொழுநோய் அவன்மேல் வருகிறது. இந்த இருவரையும் ஒரே அதிகாரத்தில் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். கீழே இருப்பவன் நெருக்கடியில் குனிவதும், குனியத் தேவையில்லாதவன் ஆசையில் பொய் சொல்வதும் ஒன்றல்ல.

திருச்சபை வரலாற்றிலும் சான்றிதழ்ச் சிக்கல் புதிதல்ல. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு, பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமென்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட நாணல் தாள்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். வேறு பலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினர். அடக்குமுறை ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்ற பூசல் எழுந்தது. ரோமில் நோவேசியன் எவருக்கும் இடமில்லை என்றான். கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் கூட்டிய 251ஆம் ஆண்டுச் சங்கம் பலியிட்டவரையும் தாள் வாங்கியவரையும் பிரித்துப் பார்த்தது. தாள் வாங்கியவரை ஒவ்வொருவர் நிலையையும் விசாரித்து, தவத்துக்குப் பின் சேர்த்துக்கொண்டது. தவறே இல்லை என்று சிப்ரியான் சொல்லவில்லை என்பது முக்கியம். தவறு என்றும் சொன்னார், தோள் கொடுத்தும் நின்றார். அந்த இரண்டையும் சேர்த்துச் செய்கிற தெம்பு இன்று நம் பங்குகளில் அரிதாகவே காணக் கிடைக்கிறது.

இன்னொரு கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அதை எழுப்புகிறவர் பக்கத்து வீட்டு இந்து தலித். ஒதுக்கீடு கொஞ்சம், கைகள் அதிகம், மறைத்து வருகிறவர் எங்கள் பங்கில் கை வைக்கவில்லையா என்று அவர் கேட்டால் அது பொறாமை ஆகாது. பதில் இதுதான்: அந்த ஒதுக்கீடு சாமியின் பெயரால் வந்ததல்ல, தீண்டாமைக்கு ஈடாக வந்தது. டீக்கடையில் தனிக் குவளையில் குடித்த தாத்தா இருவருக்கும் ஒரே தாத்தா. காயம் பொதுவாக இருக்கும்போது மருந்தில் பங்கு கேட்பது திருட்டாகாது. தாளில் எழுதிய சொல் பொய், கோருகிற உரிமை மெய். இந்த முரணை உண்டாக்கியது விண்ணப்பதாரர் அல்ல. ஆனால் தலித் கிறிஸ்தவரைப் பட்டியலில் சேர்க்கும் நாளில் ஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும் என்று திருச்சபை சேர்த்துக் கேட்காதவரை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் அச்சம் நியாயமாகவே இருக்கும்.

ஆகவே பிள்ளையின் படிப்புக்கும் முதல் வேலைக்கும் குடும்பத்தின் பாதுகாப்புக்கும் மறைக்கிறவரைக் கேயாசியோடு சேர்க்க முடியாது. எல்லா மறைப்பும் அப்படியல்ல. ஒதுக்கப்பட்ட தொகுதியிலோ ஊராட்சியிலோ தலைவராக நிற்க மறைப்பது வேறு வகை. மக்களின் பிரதிநிதியாவது என்பதே நான் இன்னார் என்று ஊருக்குச் சொல்கிற செயல். அதைப் பொய்யின் மேல் கட்டினால் ஊரும் ஏமாறுகிறது. பிரசங்க பீடத்தில் நின்று சாட்சி பகரச் சொல்லும் போதகர், தம் பெட்டியில் இந்துச் சான்றிதழை வைத்திருப்பதும் அப்படித்தான். இரண்டு தலைமுறையாக அரசு வேலையில் இருந்து, நகரத்தில் வீடு கட்டி, இன்னும் மூன்றாம் தலைமுறைக்கும் அதே தாளை வாங்குகிற குடும்பம் நாகமானின் நிலையைத் தாண்டிவிட்டது. கோடு எங்கே விழுகிறது என்பதைத் தேவையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டை வெளியிலிருந்து ஒருவர் போட முடியாது, அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியது.

மறைப்பதற்கான கூலியையும் குறைத்துச் சொல்லக் கூடாது. பள்ளியில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர் என்று வளரும் குழந்தை, யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதை ஆறு வயதில் கற்றுக்கொள்கிறது. சுவரில் சிலுவை மாட்டுவதற்கும் யோசனை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவரின் கிளினிக்கில் சிலுவை இருந்தது என்று அவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழையே ரத்து செய்தார்கள். சிலுவை இருப்பதாலோ கோவிலுக்குப் போவதாலோ ஒருவர் தம் மதத்தை விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருத்தியது. 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றமோ, குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று இந்து என்று கோரிய புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில், நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் மதத்தைக் கோருவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. இவற்றுக்கு நடுவில் எண்ணிக்கையும் கரைகிறது. கணக்கெடுப்பில் இந்து என்று எழுதியவர் தலித் கிறிஸ்தவராக எண்ணப்படமாட்டார். எண்ணிக்கை இல்லாத மக்களின் கோரிக்கையை எந்த ஆணையமும் எளிதில் ஒதுக்கிவிடும். ஒவ்வொரு மறைப்பும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது, எல்லாம் சேர்ந்து அந்த 1950 ஆணையைக் காப்பாற்றுகின்றன.

இதிலிருந்து வெளிவரும் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதுதான் உண்மையான அறக் கேள்வி. மற்ற சாதிக் கிறிஸ்தவருக்கு விசுவாச அறிக்கை இலவசம். பட்டியலில் அவருக்கு இருந்த இடம் அநேகமாக அப்படியே இருக்கிறது. செலவில்லாமல் அறிக்கையிடுகிறவர் செலவு செய்ய முடியாதவரைக் கோழை என்று சொல்ல என்ன தகுதி இருக்கிறது? தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவானது. தமிழகத்தின் பிற மறைமாவட்டங்களைப் போலவே அதற்கும் பள்ளிகள் உண்டு. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நிர்வாக உரிமை தருகிறது. அந்த உரிமையைக் கொண்டு, தாளிலும் கிறிஸ்தவராக எழுதிய தலித் பிள்ளைக்குக் கட்டணமில்லாத இடமும், படித்து முடித்தால் ஆசிரியர் வேலையும் முதலில் தரலாம். வன்கொடுமை வழக்குக்கு வழியில்லாத குடும்பத்துக்கு மறைமாவட்டம் வழக்கறிஞரை வைக்கலாம். கல்லறைச் சுவரை இடிக்க நாடாளுமன்றத் திருத்தம் தேவையில்லை. இவையெல்லாம் செய்யப்பட்ட பின் யாரும் மறைத்தால் அப்போது பாவத்தைப் பற்றிப் பேசலாம்.

மீதி இருப்பது பங்குத்தந்தையின் மேசை. சான்றிதழ் மேல் புகார் வந்து, வருவாய்த் துறை ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, பதிவே இல்லை என்று சொல்லவும் கூடாது. சட்டப்படியான உத்தரவு இல்லாமல் வாய்மொழி விசாரணைக்காக அதைத் திறந்து காட்டவும் வேண்டாம். அந்தப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்டது பிள்ளையைச் சபைக்குள் சேர்க்க, பிடித்துக் கொடுக்க அல்ல. உத்தரவோடு வந்தால் பதிவேட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தோடு பேருந்தில் ஏறி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். கேள்வி கேட்கப்படும்போது அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். சான்றிதழ் ரத்தானால், அந்தப் பிள்ளையின் அடுத்த பருவக் கட்டணம் பங்கின் கணக்கில் வர வேண்டும்.