தீவில் ஒரு நாள்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது அதனுடனே தொடங்கிய இராமேசுவரம்–தாம்பரம் ரயிலினால், குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு, மாலையில் வண்டியேறி மறுநாள் விடியற்காலையில் ஒரு தீவில் இறங்கும் பாக்கியம் வாய்த்திருக்கிறது. ஆயினும், அத்தீவை க்ஷேத்திரமாக மட்டுமே கருதி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் அவசரமாய் நீராடி, ஈர வேட்டி உலருமுன்பே திரும்பும் ரயிலை எண்ணிக் கடிகாரம் பார்ப்பவர்களே மிகுதி. யாத்திரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனோடு ஒரு நாள் ஓய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறேன்.

அக்கினி தீர்த்தத்தில் குளம்போல் அலையடங்கிக் கிடக்கும் கடல், தனுஷ்கோடிச் சாலையின் தென்புறத்தே மன்னார் வளைகுடாவாக ஓயாது ஆர்ப்பரிப்பதையும், 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் விட்டுச்சென்ற தேவாலயத்தின் பவளக்கற் சுவர்கள் இன்னும் நிற்பதையும், மீனவர்கள் வரிசையாய் நின்று கரைவலை இழுப்பதையும் கண்ணாரக் காண்பதற்கு நிதானம் வேண்டும். அச்சாலை முடியும் அரிச்சல்முனையில் மட்டும் கடலில் இறங்கவேண்டாம்; நீரோட்டம் பொல்லாதது. வெயில் ஏறுமுன் அங்கே போய்வந்து, பிற்பகலை ஒரு காரியமுமின்றி நிழலில் கழிக்கலாம். ஆண்டு முழுவதும் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலிலும் மின்சார ரயிலின் நெரிசலிலும் தேய்ந்த சரீரத்துக்கு அந்த அவகாசம் அத்தியாவசியம்; ஆகையால், திரும்பும் பயணத்தை ஒரு நாள் தள்ளியே முன்பதிவு செய்யுங்கள்.